அரசு வழக்கறிஞராக இருந்த நீதிபதி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்காவில் உள்தகவல் வணிக வழக்கில், அதாவது நிறுவனத்தின் வெளிவராத தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்கும் வழக்கில், சிறை சென்ற மெக்கின்சி நிறுவனத்தின் முன்னாள் தலைவர் ரஜத் குப்தாவைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதியிருந்தோம். அவருக்குத் தண்டனை விதித்த நீதிபதி ஜெட் ராக்கோஃபின் பெயர் அதில் ஒரே ஒரு வரியில்தான் வந்தது. வந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் குப்தாவை விட்டுவிட்டு அந்த நீதிபதியைப் பற்றியே கேட்கின்றன. எனவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ராக்கோஃப் முன்பு அரசுத் தரப்பு வழக்கறிஞராக இருந்தவர் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அவர் நீதிபதி நாற்காலிக்கு வந்த பாதையைச் சற்று விரிவாகச் சொல்ல முடியுமா?

பதில்: 1943-இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். ஸ்வார்த்மோர் கல்லூரியில் 1964-இல் பட்டம் பெற்றபின் ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரிக்குச் சென்று, அங்கே இந்திய வரலாற்றில் முதுநிலைப் பட்டம் வாங்கினார் என்பது நம் வாசகர்களில் பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஊர் திரும்பி ஹார்வர்டில் சட்டம் படித்து 1969-இல் வெளியே வந்தார். மேல்முறையீட்டு நீதிபதி ஒருவரிடம் உதவியாளராகவும், பிறகு தனியார் சட்ட நிறுவனம் ஒன்றிலும் சில காலம் வேலை பார்த்துவிட்டு, 1973-இல் நியூயார்க் தென் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் சேர்ந்தார். மன்ஹாட்டனும் அதற்குள் அடங்கிய வால் ஸ்ட்ரீட்டும் அந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருவதால், பணக்காரக் குற்றங்களை விசாரிக்க அமெரிக்காவில் அதைவிடப் பெயர்பெற்ற இடம் கிடையாது. ஏழாண்டுகள் அங்கே இருந்தார். கடைசி இரண்டாண்டுகள் வணிக மோசடி மற்றும் பங்குச் சந்தை மோசடி வழக்குப் பிரிவின் தலைவர்.

அந்த நாட்களின் மனநிலையைக் காட்ட ஒரு சான்று இருக்கிறது. 1872 முதல் நடைமுறையில் உள்ள அஞ்சல் மோசடிச் சட்டத்தைப் பற்றி 1980-இல் அவர் ஒரு சட்ட இதழில் கட்டுரை எழுதினார். பொருளாதாரக் குற்றங்களை விசாரிக்கும் அரசு வழக்கறிஞர்களுக்கு அந்தச் சட்டம் ஸ்ட்ராடிவேரியஸ் வயலினைப் போன்றது, கோல்ட் துப்பாக்கியைப் போன்றது என்று அடுக்கிக்கொண்டே போய், அதுதான் எங்கள் உண்மைக் காதலி என்று முடித்திருந்தார். எந்த மோசடியாக இருந்தாலும் அதில் எங்காவது ஒரு தபால் போயிருக்கும். தபால் போயிருந்தால் மத்திய அரசு வழக்குப் போடலாம். ஒரு சட்டத்தை எவ்வளவு தூரம் இழுக்க முடியும் என்பதைக் கையாலேயே இழுத்துப் பார்த்து அறிந்தவர் அவர் என்பதைப் பின்னால் வரும் பதில்களைப் படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் எதிர்மேசையில், அதாவது அதே வகைக் குற்றங்களில் சிக்கியவர்களுக்காக வாதாடும் தனியார் வழக்கறிஞராகப் பணியாற்றினார். 1995-இல் குடியரசுத் தலைவர் கிளின்டன் அவர் பெயரை முன்மொழிந்தார்; அவ்வாண்டு டிசம்பரில் செனட் ஒப்புதல் தந்தது; 1996-இல் நியூயார்க் தென் மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தார்.

கேள்வி: இவர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? தேர்வு எழுதி வருகிறார்களா? அரசு வழக்கறிஞராக இருந்தவருக்கு முன்னுரிமை உண்டா?

பதில்: தேர்வு கிடையாது. குடியரசுத் தலைவர் பெயரை முன்மொழிய வேண்டும், செனட் பெரும்பான்மை வாக்கால் ஏற்க வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்க அரசியலமைப்பு இதற்கு வயது வரம்போ சட்டப் பட்டமோகூடக் கேட்பதில்லை. நன்னடத்தை உள்ளவரை பதவி என்று மூன்றாம் பிரிவு சொல்வதால் நடைமுறையில் அது வாழ்நாள் பதவி. சம்பளத்தையும் இடையில் குறைக்க முடியாது. 2025-ஆம் ஆண்டில் ஒரு மாவட்ட நீதிபதியின் ஆண்டுச் சம்பளம் 2,47,400 டாலர். அங்குள்ள பெரிய சட்ட நிறுவனம் ஒன்றின் பங்காளி ஈட்டுவதோடு ஒப்பிட்டால் இது சொற்பம். பதவியிலிருந்து நீக்க வேண்டுமென்றால் பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டி, செனட் விசாரித்து, மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் தீர்மானிக்க வேண்டும். இதுவரையான வரலாற்றில் அப்படி நீக்கப்பட்ட மத்திய நீதிபதிகள் எட்டே பேர். அவர்களில் ஒருவரான ஆல்சி ஹேஸ்டிங்ஸ் 1989-இல் நீக்கப்பட்டு, 1992-இல் தேர்தலில் நின்று வென்று, தம்மீது குற்றம் சாட்டிய அதே சபைக்கு உறுப்பினராகப் போய்ச் சேர்ந்தார்.

சட்டப்படி முன்னுரிமை ஏதும் இல்லை. ஆனால் வழக்கத்தில் அது நன்கு மிதிபட்ட பாதை. உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயர் மன்ஹாட்டன் மாவட்ட வழக்கறிஞர் அலுவலகத்தில் தொழிலைத் தொடங்கியவர். பெரும் முதலீட்டு மோசடி செய்த பெர்னார்ட் மேடாஃபுக்கு 2009-இல் 150 ஆண்டுச் சிறை விதித்த டென்னி சின், ராக்கோஃப் இருந்த அதே தென் மாவட்ட அலுவலகத்தில் 1980-களில் பணியாற்றியவர். ஒரே பட்டறையில் பழகிய இருவரின் தண்டனைக் கணக்கும் எவ்வளவு வேறுபடுகிறது என்பதற்கு அடுத்த கேள்வியே இடம் தருகிறது. அதற்கு முன் ஒன்று: அரசு வழக்கறிஞராகத் தாம் கையாண்ட வழக்கு பின்னாளில் தம்மிடமே விசாரணைக்கு வந்தால் நீதிபதி விலகிக்கொள்ளத்தான் வேண்டும். இதில் அவருடைய விருப்பத்துக்கு இடமில்லை. சட்டமே அப்படி விதிக்கிறது.

கேள்வி: ரஜத் குப்தாவுக்கு அரசுத் தரப்பு எட்டு முதல் பத்தாண்டுகள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். இரண்டே ஆண்டுகள் கொடுத்தது, செல்வாக்குள்ளவர் என்பதால் காட்டிய சலுகை அல்லவா?

பதில்: கடிதங்களில் அதிகம் பேர் கேட்டது இதைத்தான். குற்றம் என்ன என்பதை முதலில் கிட்டத்தில் பார்ப்போம். 2008 செப்டம்பர் 23 அன்று பிற்பகல், கோல்ட்மேன் சாக்ஸ் முதலீட்டு வங்கியின் இயக்குநர் குழு தொலைபேசி வழியே கூடியது. வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்வே 500 கோடி டாலர் முதலீடு செய்யப்போகிறது என்ற செய்தி அந்தக் கூட்டத்தில் சொல்லப்பட்டது. உறுப்பினராகக் கேட்டுக்கொண்டிருந்த குப்தா, இணைப்பைத் துண்டித்த 16 நொடிகளில் முதலீட்டு நிறுவனம் நடத்திய ராஜ் ராஜரத்தினத்துக்குத் தொலைபேசி போட்டார். சந்தை மூட இன்னும் சில நிமிடங்களே இருந்தன. அந்த நிமிடங்களுக்குள் ராஜரத்தினத்தின் கேலியன் நிறுவனம் கோல்ட்மேன் பங்குகளை வாங்கிக் குவித்தது. உலகுக்கு அறிவிப்பு வந்தது சந்தை மூடிய பிறகு. 2012 ஜூனில் ஜூரி, குப்தாவை நான்கு குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்றும் இரண்டில் நிரபராதி என்றும் தீர்மானித்தது.

தண்டனை வழிகாட்டி விதிகள் என்று அமெரிக்காவில் ஒரு புத்தகம் உண்டு. 1987 முதல் நடைமுறையில் இருக்கிறது. குற்றத்துக்கு ஒரு அடிப்படை எண், அதனால் கிடைத்த லாபம் அல்லது நேர்ந்த இழப்புக்கு ஏற்ப மேலும் சில எண்கள் என்று கூட்டிக்கொண்டே போய், அட்டவணையில் கை வைத்தால் மாதக்கணக்கு வந்துவிடும். குப்தாவுக்கு வந்தது 78 முதல் 97 மாதங்கள். முன்பு இந்த அட்டவணை நீதிபதிகளைக் கட்டிப்போட்டது. 2005-இல் புக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வெறும் ஆலோசனை என்று ஆக்கியது. அதற்கடுத்த ஆண்டே, எடல்சன் என்ற நிறுவன அதிகாரியின் வழக்கில் அட்டவணை ஆயுள் தண்டனை என்று காட்டியபோது, ராக்கோஃப் மூன்றரை ஆண்டுகள் மட்டும் விதித்தார்; பங்கு விலை சரிந்ததை வைத்து எண்களை இப்படிக் குவித்துக்கொண்டே போனால் அந்தக் கூட்டல் பகுத்தறிவை விட்டு விலகிவிடும் என்பது அவர் வாதம்.

குப்தா வழக்கிலும் அவர் எடுத்தது அதே நிலைதான். வேறொருவர் சம்பாதித்த லாபத்தை அளந்து இவரைச் சிறையில் வைப்பதைவிட, கோல்ட்மேன் தம்மீது வைத்த நம்பிக்கையை இவர் முறித்ததை அளக்க வேண்டும் என்றார். மறுபக்கம், பில் கேட்ஸ், கோஃபி அன்னான் உட்பட நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குப்தாவின் நற்பணிகளைச் சொல்லிக் கடிதம் எழுதியிருந்தார்கள். சிறைக்குப் பதில் ருவாண்டாவில் சேவை செய்ய அனுப்பலாம் என்றுகூட அவர் தரப்பு யோசனை சொன்னது. ராக்கோஃப் அதை ஏற்கவில்லை. நல்ல மனிதர்கள் கெட்ட காரியம் செய்ததற்கு வரலாற்றில் எடுத்துக்காட்டுகள் நிறைய உண்டு என்று சொல்லிவிட்டு, 2012 அக்டோபர் 24 அன்று இரண்டாண்டுச் சிறையும் 50 லட்சம் டாலர் அபராதமும் விதித்தார்.

இது சலுகையா? என் கணிப்பில் இல்லை. குறைந்தபட்சம் செல்வாக்குக்குக் கிடைத்த சலுகை இல்லை. காரணம், கொழும்பில் பிறந்து வால் ஸ்ட்ரீட்டில் பெரும் பணக்காரரான ராஜரத்தினத்தின் மீதான குடிமையியல் (சிவில்) வழக்கு 2011-இல் இதே நீதிபதியிடம் தீர்ப்புக்கு வந்தபோது, வேறொரு நீதிபதி ஏற்கெனவே அவருக்குப் பதினோரு ஆண்டுச் சிறை விதித்திருந்த நிலையிலும், அதற்கு மேல் 9.28 கோடி டாலர் அபராதம் கட்ட ராக்கோஃப் உத்தரவிட்டார். பணக்காரர்களின் பணத்தில் கை வைக்க அவர் தயங்கியதே இல்லை. சிறை ஆண்டுகளைத்தான் அவர் எண்ணி எண்ணிக் கொடுக்கிறார். தெருவில் சிறு அளவு போதைப்பொருளோடு பிடிபட்டவருக்கு ஐந்தாண்டும் பத்தாண்டும் கட்டாயமாக்கியிருக்கும் ஒரு நாட்டில் இரண்டாண்டு என்பது கேட்பவர் காதில் உறுத்தும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டாயத் தண்டனைகளையும் அவர் இதே வேகத்தில் எதிர்த்துத்தான் எழுதிவருகிறார்.

கேள்வி: ஒரு வங்கி அபராதம் கட்டச் சம்மதித்தும் நீதிபதி வேண்டாம் என்று சொன்னாராமே! இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பிறகு நீதிபதிக்கு என்ன வேலை?

பதில்: அந்த வேலை என்ன என்பதைத்தான் ஐந்தாண்டுகள் அங்கே சண்டை போட்டுத் தீர்மானித்தார்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் எஸ்.இ.சி. ஆணையம் ஒரு நிறுவனத்தின் மீது வழக்குப் போடும். பெரும்பாலும் அதே நாளிலேயே சமரச உடன்பாட்டையும் சேர்த்துத் தாக்கல் செய்யும். நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவும் செய்யாது, மறுக்கவும் செய்யாது, பணம் கட்டும். 1970-களிலிருந்து வரும் வழக்கம் இது. நீதிபதி முத்திரை குத்த வேண்டியதுதான் பாக்கி.

முதலில் பேங்க் ஆஃப் அமெரிக்கா. மெரில் லிஞ்ச் நிறுவனத்தை அது வாங்கியபோது, மெரில் ஊழியர்களுக்கு 580 கோடி டாலர் வரை ஊக்கத்தொகை தர அனுமதித்திருந்ததைப் பங்குதாரர்களிடம் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. 3.3 கோடி டாலரில் பேசி முடித்துவிட்டு வந்தார்கள். 2009 செப்டம்பரில் ராக்கோஃப் அதை நிராகரித்தார். ஏமாற்றப்பட்டவர்கள் யார்? பங்குதாரர்கள். அபராதம் யார் பணத்திலிருந்து போகிறது? அதே பங்குதாரர்களின் பணத்திலிருந்து. பொய் சொன்ன அதிகாரிகள் ஒரு காசும் கொடுக்கவில்லை. இதைவிட எளிமையாக இந்த ஏற்பாட்டின் கோணலை எடுத்துச் சொல்ல முடியாது. அடுத்த ஆண்டு தொகை 15 கோடியாக உயர்ந்து வந்தபோது, அரைகுறை நீதி என்று முணுமுணுத்துக்கொண்டே ஒப்புதல் தந்தார்.

பிறகு சிட்டிகுரூப். வீட்டுக்கடன் பத்திரங்களைத் திரட்டி 100 கோடி டாலர் நிதியம் ஒன்றை உருவாக்கி, அதை வாடிக்கையாளர்களிடம் விற்றுவிட்டு, அது சரியும் என்று தானே பந்தயம் கட்டியது என்பது எஸ்.இ.சி.யின் குற்றச்சாட்டு. முதலீட்டாளர்கள் இழந்தது 70 கோடிக்கு மேல். சிட்டிகுரூப் ஈட்டிய லாபம் ஏறத்தாழ 16 கோடி. உடன்பாட்டுத் தொகை 28.5 கோடி, லாபமும் வட்டியும் போக, உண்மையான அபராதம் 9.5 கோடிதான். 2011 நவம்பர் 28 அன்று ராக்கோஃப் இதையும் திருப்பி அனுப்பினார். நடந்தது என்ன என்றே யாரும் என்னிடம் சொல்லாதபோது, இந்தத் தொகை நியாயமானதா என்று நான் எதை வைத்துச் சொல்வேன் என்பதே அவருடைய கேள்வியின் சாரம்.

எஸ்.இ.சி.யும் சிட்டிகுரூப்பும், அதாவது வாதியும் பிரதிவாதியும், கைகோத்துக்கொண்டு மேல்முறையீடு செய்தது பார்க்கக் கிடைக்காத காட்சி. 2014 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ராக்கோஃபின் முடிவை ரத்து செய்தது. சமரசம் என்பது நடைமுறைக் கணக்கு. உண்மை எது என்று நிலைநாட்டுவது விசாரணையின் வேலை, சமரசத்தின் வேலை அல்ல என்றது. ஆகஸ்டில் ராக்கோஃப் ஒப்புதல் கையெழுத்துப் போட்டார். மேல் நீதிமன்றம் பந்தியில் இன்னதுதான் என்று தீர்மானித்துவிட்டதால் எனக்கு மிஞ்சியது புளித்த திராட்சைதான் என்று உத்தரவிலேயே எழுதினார். தோற்றவர் தம் தோல்வியைத் தாமே கேலி செய்துகொண்டு, கூடவே மேல் நீதிமன்றத்துக்கும் ஒரு குட்டு வைத்த வரி அது.

ஆனால் அந்த மூன்றாண்டுகளில் வேறொன்று நடந்தது. 2013-இல் எஸ்.இ.சி.யின் தலைவராக வந்த மேரி ஜோ வைட், சில வழக்குகளிலாவது தவறை ஒப்புக்கொண்டால்தான் சமரசம் என்று கொள்கையை மாற்றினார். அவரும் நியூயார்க் தென் மாவட்டத்தின் தலைமை அரசு வழக்கறிஞராக இருந்தவர்தான். வழக்கில் தோற்ற நீதிபதியின் வாதம் ஆணையத்தின் அலுவலகத்தில் பாதி வென்றுவிட்டது என்று சொல்வேன்.

கேள்வி: தீர்ப்புகள் இத்தனை முறை திருத்தப்பட்டால் ஒரு நீதிபதிக்கு அது இழுக்கு இல்லையா?

பதில்: சம்பளம் குறையாது, பதவி போகாது, இழுக்கு என்று நினைப்பவர்கள் நினைக்கலாம். வீட்டுக்கடன் மோசடிக்காக 2014-இல் அவர் பேங்க் ஆஃப் அமெரிக்காவுக்கு விதித்த 127 கோடி டாலர் அபராதத்தையும் 2016-இல் மேல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒப்பந்தத்தை மீறியது வேறு, மோசடி வேறு என்றது. இவற்றில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு.

ஆனால் 2022-இல் நடந்தது வேறு வகை, அதை மூடி மறைக்கக் கூடாது. நியூயார்க் டைம்ஸ் மீது அலாஸ்காவின் முன்னாள் ஆளுநர் சாரா பேலின் தொடுத்த அவதூறு வழக்கில், ஜூரி உள்ளே அமர்ந்து ஆலோசித்துக்கொண்டிருந்தபோதே, வழக்கு நிற்காது என்று தாம் தள்ளுபடி செய்யப்போவதாக ராக்கோஃப் வெளிப்படையாக அறிவித்தார். ஜூரி உறுப்பினர்கள் செய்தி பார்க்கக் கூடாது என்பது விதி. அவர்கள் பார்க்கவும் இல்லை. ஆனால் சிலருடைய கைப்பேசித் திரையில் செய்தி தானாக வந்து மின்னியது. நாற்பதாண்டுக்கு மேல் நீதிமன்ற அனுபவம் உள்ளவருக்குக் கைப்பேசியின் அந்தச் சிறு ஒலி நினைவுக்கு வரவில்லை. ஜூரியும் பத்திரிகைக்குச் சாதகமாகவே தீர்மானித்தது என்றாலும், 2024 ஆகஸ்டில் மேல் நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது, சரியாகத்தான் உத்தரவிட்டது.

கேள்வி: மரண தண்டனையே செல்லாது என்று இவர் தீர்ப்பளித்தாராமே?

பதில்: ஆம். 2002 ஜூலையில், கினோனெஸ் வழக்கில், மத்திய அரசின் மரண தண்டனைச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்றார். மரபணுச் சோதனையால் சிறையிலிருந்து வெளியே வந்த நிரபராதிகளின் பட்டியல் நீள்கிறது. உயிர் போனபின் தாம் நிரபராதி என்று ஒருவர் நிரூபிக்க வழியே இல்லை என்பது அவர் காரணம். அவ்வாண்டு டிசம்பரிலேயே மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பின்னர் அவ்வழக்கில் ஜூரி விதித்ததும் ஆயுள் சிறையைத்தான்.

இந்தத் தீர்ப்பை எழுதியவரின் சொந்த அண்ணன் 1985-இல் மணிலாவில் கொலை செய்யப்பட்டவர். கொலையாளியைத் தூக்கில் போட வேண்டும் என்ற வெறி தமக்குள்ளும் எழுந்தது என்று ராக்கோஃப் பிற்காலத்தில் பொதுவெளியில் பேசியிருக்கிறார்.

கேள்வி: குற்றமே செய்யாதவர்கள் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்கள் என்று அவர் எழுதியிருப்பதாகப் படித்தேன். அது எப்படிச் சாத்தியம்?

பதில்: மத்திய நீதிமன்றங்களில் தண்டனை பெறுவோரில் 97 விழுக்காட்டினருக்கு விசாரணையே நடப்பதில்லை, அரசு வழக்கறிஞரோடு பேரம் பேசி ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டு: உங்கள்மீது குறைந்தது பத்தாண்டு கட்டாயச் சிறையுள்ள குற்றச்சாட்டு. ஒப்புக்கொண்டால் அதை மாற்றி மூன்றாண்டில் முடித்துத் தருகிறேன் என்கிறார் அரசு வழக்கறிஞர். விசாரணைக்குப் போய்த் தோற்றால் நீதிபதி நினைத்தாலும் பத்துக்குக் கீழே இறங்க முடியாது. உங்கள் வழக்கறிஞருக்கோ ஆதாரங்களை முழுமையாகப் பார்க்கக்கூட நேரமில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?

2014-இல் எழுதிய ஒரு கட்டுரையில் ராக்கோஃப் விவரித்தது இந்த மூடிய அறைப் பேரத்தைத்தான். எந்தக் குற்றச்சாட்டைச் சுமத்துவது என்று முடிவு செய்பவரே தண்டனையையும் முடிவு செய்துவிடுகிறார். நீதிபதி பெயரளவில் இருக்கிறார். அந்த அறையில் மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்தவர் சொல்வதால்தான் இதற்குக் கனம் அதிகம். பேரம் நடக்கும்போதே நடுநிலையான இளநிலை நீதிபதி ஒருவர் இரு தரப்பையும் கேட்டுப் பரிந்துரை சொல்லட்டும் என்பது அவர் முன்வைத்த மாற்று. அரசு வழக்கறிஞர்களிடம் அதற்கு வரவேற்பு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: இன்னும் பதவியில் இருக்கிறாரா? ஓய்வு வயது எத்தனை?

பதில்: ஓய்வு வயது என்று ஒன்று இல்லை. 65 வயதுக்குமேல் வயதும் பணியாண்டும் சேர்ந்து 80 ஆகிவிட்டால், மூத்த நீதிபதி என்ற நிலைக்கு மாறிக்கொள்ளலாம். சம்பளம் தொடரும், வழக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம், காலியாகும் இடத்துக்குப் புதியவரை நியமிக்கலாம். ராக்கோஃப் 2010-இன் கடைசி நாளில் அப்படி மாறினார். மாறிய பிறகு வந்தவைதான் சிட்டிகுரூப் உத்தரவு, குப்தா தண்டனை எல்லாம். பாலியல் குற்றவாளி ஜெஃப்ரி எப்ஸ்டீனால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு ஜே.பி. மார்கன் வங்கி 29 கோடி டாலர் தரும் உடன்பாட்டுக்கு 2023-இல் ஒப்புதல் அளித்தவரும் அவரே. மேலே சொன்ன பேலின் வழக்கின் மறுவிசாரணை 2025 ஏப்ரலில் நடந்தது. அதையும் 81 வயதில் அவரே நடத்தினார். இம்முறை ஜூரி வெளியே வந்து சொல்லும்வரை காத்திருந்தார். அவர்கள் சொன்னதும் பத்திரிகைக்குச் சாதகமான அதே முடிவைத்தான்.